எந்த எண்ணெய் பூசுவது: உடல்வாகைப் பார்த்தா, தோலைப் பார்த்தா?

வாத உடலுக்கு நல்லெண்ணெய், பித்த உடலுக்குத் தேங்காய் எண்ணெய், கப உடலுக்குக் கடுகு எண்ணெய். ஆயுர்வேத முறையில் தோலைப் பேண நினைப்பவர் கண்ணில் முதலில் படுவது இந்த மூன்று வரிதான். ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறோம். நம் உடல்வாகு இன்னது என்று விடை வருகிறது. அதற்கு நேரே எழுதியிருக்கும் எண்ணெயை வாங்கிவிடுகிறோம். சிலருக்கு அது பொருந்திவிடுகிறது. சிலருக்கோ இரண்டு வாரத்தில் நெற்றியெல்லாம் பொரிப்பொரியாகக் கிளம்புகிறது. ஆயுர்வேதம் தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தோடு கைவிட்டுவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாமல் போனது அந்த மூன்று வரிதான். நூல்களில் இருப்பது அதைவிட நுட்பமானது, பயனுள்ளதும்கூட.

இங்கே எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. எதை அளவுகோலாகக் கொள்வது என்பது ஒன்று. எதைப் பூசுவது என்பது மற்றொன்று. எல்லோரும் இரண்டாவதைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் தவறு நேர்வது பெரும்பாலும் முதலாவதில். என் தீர்மானத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மேலுக்குப் பூசுவதைப் பொறுத்தவரை, தோல் இன்று இருக்கும் நிலைக்கே முதலிடம், பிறவி உடல்வாகு அதற்கு அடுத்தபடிதான். இது ஆயுர்வேதத்துக்கு வெளியே நின்று சொல்லும் கருத்து அன்று. ஆயுர்வேதத்தின் மூல நூல்களை எழுதிய சரகர், சுசுருதர், வாக்படர் மூவருடைய நூல்களையும் வைத்தே இந்த முடிவுக்கு வர முடியும்.

முதலில், உடல்வாகுக்கும் தோலுக்கும் உள்ள உறவு. சரகரின் நூலான சரக சம்ஹிதையில், விமான ஸ்தானம் என்ற பகுதியின் எட்டாம் அத்தியாயம் இதை விரிவாகச் சொல்கிறது. வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களில் ஒவ்வொன்றின் குணங்களையும் வரிசைப்படுத்தி, எந்தக் குணம் உடலில் எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவது அதன் முறை. கபத்தில் நெய்ப்பு உண்டு. ஆகவே கப உடலினரின் அங்கங்கள் நெய்ப்புடன் இருக்கும். வழவழப்பு உண்டு, ஆகவே மேனி வழவழப்பாக இருக்கும். மென்மை உண்டு, ஆகவே பார்க்க இனிமையாக, சுகுமாரமாக இருக்கும். வாதத்தில் வறட்சியும் கடினமும் உண்டு. ஆகவே வாத உடலினருக்குத் தலைமுடி, நகம், முகம், கை, கால் எல்லாம் சொரசொரப்பாக இருக்கும். உடலில் ஆங்காங்கே வெடிப்பு காணும், நடக்கும்போது மூட்டுகளில் ஒலி எழும்.

பித்த உடலைப் பற்றிய பகுதிதான் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. வெப்பம் தாங்காதவர்கள், சூடான முகம், மச்சமும் மங்கும் பருக்களும் மிகுதி, இளமையிலேயே சுருக்கமும் நரையும் வழுக்கையும், மென்மையான, அடர்த்தியற்ற, செம்பட்டை முடி, அக்குளிலும் வாயிலும் வாடை. இவ்வளவையும் வெப்பம், கூர்மை, நீர்மை, நாற்றம் என்ற சில குணங்களிலிருந்து வருவித்துக் காட்டுகிறார்கள். வெயிலில் சட்டென்று சிவந்து கன்றிப்போகும் ஒருவரை நேரில் பார்த்தவருக்கு, இந்த வர்ணனை ஏட்டுப் படிப்பில் வந்தது இல்லை என்று புரியும். நோயாளிகளைக் கூர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, உடல்வாகையே அளவுகோலாகக் கொண்டால் என்ன? நான் காணும் தடைகள் மூன்று.

உடல்வாகு மாறுவதில்லை, தோல் மாறுகிறது என்பது முதல் தடை. கரு உருவாகும்போதே பிரகிருதி, அதாவது பிறவி உடல்வாகு, அமைந்துவிடுகிறது என்றும், அது கூடுவதோ குறைவதோ வேறாவதோ இல்லை, வாழ்நாள் முடியும் தறுவாயில்தான் மாறும் என்றும் சுசுருதர் சொல்கிறார். ஆனால் தோல் அப்படி நிற்பதில்லை. குழந்தைப் பருவத்தில் கபமும், நடுவயதில் பித்தமும், முதுமையில் வாதமும் ஓங்கும் என்பது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். மழைக்காலத்தில் வாதமும், அதை அடுத்த சரத் காலத்தில் பித்தமும், வசந்தத்தில் கபமும் சீற்றம் கொள்ளும் என்பதும் அதே நூல். பித்த உடலோடு பிறந்த ஒருவருக்கு அறுபது வயதில், ஈரப்பதமற்ற குளிரில், கெண்டைக்கால் செதில் செதிலாக உரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தேவை வறட்சிக்கான பராமரிப்பு. பிறவிக் கணக்கைக் காட்டி அவருக்குக் குளிர்ச்சிப் பூச்சு கொடுப்பதில் பொருள் இல்லை.

இரண்டாவது, ஒற்றைத் தோஷ உடல் குறைவு. நூல்கள் எண்ணுவது ஏழு வகை: தனித்தனியாக மூன்று, இரண்டிரண்டாகச் சேர்ந்தவை மூன்று, மூன்றும் சமமாக நிற்பது ஒன்று. நடைமுறையில் நம்மில் பெரும்பாலோர் இரண்டு சேர்ந்த வகையினரே. வாதமும் பித்தமும் கலந்த உடலுக்கு அந்த மூன்று வரிப் பட்டியல் என்ன சொல்லும்? சூடான நல்லெண்ணெயா, குளிர்ந்த தேங்காய் எண்ணெயா? பட்டியலிடம் விடை இல்லை.

மூன்றாவது தடையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சரகர் தோலை உடல்வாகின் ஒரு கிளையாக மட்டும் வைக்கவில்லை. அதே விமான ஸ்தான அத்தியாயத்தில், பிரகிருதியைச் சோதிப்பது ஒரு படி. திசுக்களின் சாரத்தைச் சோதிப்பது வேறொரு படி. அந்தச் சார வகை எட்டில் முதலாவது தோல் சாரம். நெய்ப்பு, வழவழப்பு, மென்மை, தெளிவு, ஒளி, மென்மையான, ஆழ வேரூன்றிய, அடர்த்தியற்ற ரோமம் என்று அதற்குத் தனி இலக்கணமே வகுத்திருக்கிறார். ஒருவரின் உடல்வாகு எதுவாயினும் அவருடைய தோலின் தரம் தனியே மதிப்பிடப்பட வேண்டியது என்பதுதான் இதன் பொருள். வாத உடலில் நல்ல தோலும், கப உடலில் நலிந்த தோலும் இருக்கலாம்.

முகப்பருவை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். பரு என்றாலே பித்தம், சூடு, ஆகவே குளிர்ச்சியான எண்ணெய் என்று சொல்லிப் பழகிவிட்டோம். சுசுருதர் இளம் வயதினரின் முகத்தில் இலவ மரத்து முள்போல் எழும் பருக்களைக் கபம், வாதம், இரத்தம் மூன்றாலும் வருவது என்று எழுதுகிறார். அதற்கு அவர் காட்டும் பூச்சு வசம்பு, வெள்ளிலோத்திரம், இந்துப்பு, கடுகு ஆகியவற்றை அரைத்த விழுது. எண்ணெய் அதில் இல்லை. அத்தோடு வாந்தி செய்விக்கும் சிகிச்சையையும் சொல்கிறார். அது கபத்தை வெளியேற்றும் முறை. இந்த விழுதை வீட்டில் அரைத்துப் பூசுங்கள் என்று நான் சொல்லவில்லை, கடுகும் உப்பும் எரிச்சல் தரக்கூடியவை. ஆனால் சிகிச்சையின் திசை எது என்று பாருங்கள்: அடைப்பை நீக்குவது, உலர்த்துவது. பித்த உடல் என்ற காரணத்துக்காகப் பரு உள்ள முகத்தில் தேங்காய் எண்ணெயைத் தடவுவது இதற்கு நேர் எதிர்த்திசை. குதிகால் வெடிப்பும் இப்படித்தான். பித்தத்தின் மேல் பழி போட்டு வந்திருக்கிறோம். நிறைய நடப்பவரின் மிக வறண்ட பாதத்தில் வாயு உண்டாக்கும் பிளவு என்று சுசுருதர் அதை வாதத்தின் கணக்கில் வைக்கிறார்.

சரி, அளவுகோலை எங்கே பெறுவது? கேள்வித்தாள், சொந்தக் கண், மருத்துவர் என்று மூன்று வழிகள் இருக்கின்றன.

கேள்வித்தாளை நான் ஒதுக்கமாட்டேன். 2024 நவம்பர் 26 அன்று தொடங்கிய நாடு தழுவிய பிரகிருதி பரிசோதனை இயக்கத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தங்கள் உடல்வாகைத் தெரிந்துகொண்டார்கள். உடல்வாகுக் கோட்பாட்டை ஆய்வகத்திலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2008-இல் டெல்லியின் ஜீனோமிக்ஸ் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மூன்று உடல்வாகிலும் அழுத்தமாக நின்றவர்களை ஒப்பிட்டு, மரபணு வெளிப்பாட்டிலும் இரத்தப் பரிசோதனை அளவுகளிலும் வேறுபாடு கண்டார்கள். 2015-இல் ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தினர் பங்கேற்ற ஆய்வு, பிஜிஎம்1 என்ற மரபணுவைப் பித்த உடல்வாகோடு தொடர்புபடுத்தியது. ஆர்வமூட்டும் தொடக்கங்கள் இவை. ஆனால் எந்த எண்ணெய் யாருக்கு என்ற கேள்வியை அந்த ஆய்வுகள் தொடவே இல்லை. உணவு, உறக்கம், எந்தப் பருவத்தில் எச்சரிக்கையாக இருப்பது என்பவற்றுக்குக் கேள்வித்தாள் உதவும். புட்டியைத் தேர்ந்தெடுக்க அது போதாது.

சொந்தக் கண்ணால் பார்ப்பது எளிது, செலவும் இல்லை. ஒரு நாள் காலையில் முகத்தையும் கைகால்களையும் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, எதையும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு மெல்லிய காகிதத்தை நெற்றியின் நடுவிலும் மூக்கின் ஓரத்திலும் ஒற்றிப் பாருங்கள், அடுத்து கன்னத்தில். எண்ணெய் ஊறிய இடம் ஒளியில் கண்ணாடிபோல் தெரியும். முழங்காலுக்குக் கீழே, முன்புறத்தில் விரல் நகத்தால் மெதுவாக ஒரு கோடு இழுங்கள். மாவு தூவினாற்போல் வெள்ளைக் கோடு நின்றால் அங்கே வறட்சி. முன்கையின் உள்பக்கத்திலும் அப்படியே செய்யுங்கள். கோடு சிவந்து தடித்து நெடுநேரம் நின்றால் அது எளிதில் சீண்டப்படும் தோல், பித்தத்தின் குணம் என்று கொள்ளலாம். வெயிலில் போய் வந்த அன்று கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், மற்ற இடத்தைவிடச் சூடாகவும் சிவப்பாகவும் இருக்கிறதா என்று.

இப்படிப் பார்த்து முடித்ததும் ஒன்று புலப்படும். ஒரே உடலில் மூன்று தோலும் இருக்கிறது. நெற்றியும் மூக்கும் கபம்போல் எண்ணெய் வழிகின்றன, கெண்டைக்கால் வாதம்போல் வறண்டு கிடக்கிறது, கழுத்தும் தோளும் பித்தம்போல் சிவக்கின்றன. ஒரு உடலுக்கு ஒரு புட்டி என்ற எண்ணமே அப்போது ஆட்டம் கண்டுவிடும். இடத்துக்கு இடம் வேறு வேறாகத் தேர்ந்தெடுப்பதில் எந்த விதிமீறலும் இல்லை. தலைக்கும் காதுக்கும் பாதத்துக்கும் எண்ணெயைத் தனிக் கவனத்தோடு இடச் சொல்லும் வாக்படரும் உடலை ஒரே பரப்பாகப் பார்க்கவில்லை.

மருத்துவரிடம் போவது மூன்றாவது வழி. பரு, மங்கு, தேமல், படை, நாள்பட்ட அரிப்பு என்று நோயாகவே நிற்கும் எதற்கும் இதுதான் சரியான வழி. நல்ல வைத்தியர் உடல்வாகையும் கேட்பார், தோலையும் பார்ப்பார், செரிமானத்தையும் விசாரிப்பார். தோலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் உடல்வாகை மட்டும் கேட்டு எண்ணெய் எழுதித் தருபவரை விட, சரகர் சொன்ன சோதனைகளில் பாதியையாவது செய்பவரைத் தேடுங்கள்.

இனி எண்ணெய்கள். நல்லெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் இடையில்தான் உண்மையான போட்டி.

நல்லெண்ணெயைச் சரகர் வாதத்தைத் தணிப்பவற்றில் தலையாயது, தோலுக்கு உகந்தது, வெப்பத் தன்மை உடையது, நுட்பமாக உள்ளே பரவுவது என்று புகழ்கிறார். தோலில் உறைவது தொடு உணர்வு, தொடு உணர்வில் மிகுவது வாயு, ஆகவே எண்ணெய் தேய்ப்பது தோலுக்கு மேலான நன்மை என்று அவர் காட்டும் தருக்கம் நேர்த்தியானது. எண்ணெய் ஊறிய பதனிட்ட தோலும், எண்ணெயிட்ட வண்டி அச்சும் உறுதிப்படுவதுபோல் உடல் உறுதிப்படும் என்ற உவமையும் அங்கேதான் வருகிறது. அதே மூச்சில், இது பித்தத்தைக் கூட்டும், கபத்தைக் கூட்டாது என்றும் எழுதிவைத்திருக்கிறார். வாக்படர் இன்னும் ஒரு படி மேலே போய், எள்ளெண்ணெய் தோல் கேடுகளை உண்டாக்கும் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். ஒரே பொருளை ஒரு நூல் தோலுக்கு உகந்தது என்கிறது, இன்னொன்று தோலுக்குக் கேடு என்கிறது. இதை முரண்பாடு என்று கடந்துபோகாமல், எந்த நிலையில் எது என்று கேட்டால் வழி பிறக்கும். வறண்ட, குளிர்ந்த, செதில் உதிரும், ஆனால் புண்ணோ சிவப்போ இல்லாத தோலுக்கு நல்லெண்ணெய்க்கு நிகர் இல்லை. சிவந்து எரியும் தோலில், பரு சீழ் கட்டிய முகத்தில், அது வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் குளிர்ச்சி என்று கருதப்படுவது. வெப்பம் தாங்காத, வியர்க்குரு எழும், எளிதில் சிவக்கும் உடல் தோலுக்குப் பொருத்தம். வேதியியல் நோக்கில் அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். நல்லெண்ணெயிலோ ஓலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும் ஏறக்குறைய சம பங்கு. தேங்காய் எண்ணெய் தோலின் மேல் படலமாக நின்று ஈரம் போகாமல் காக்கும். அந்தப் படலமே முகத்தில் தொல்லையாகிறது. நெற்றியிலும் மூக்கிலும் ஏற்கெனவே நெய் சுரப்பவருக்கு அது துளைகளை அடைத்துப் பருவைக் கூட்டும். ஆகவே பித்த உடலினருக்கும் கை, கால், முதுகுக்குத்தான் என் சிபாரிசு. எண்ணெய் வழியும் முகத்துக்கு வேண்டாம்.

தேமல் உள்ளவர்கள் இரண்டையுமே அந்த இடத்தில் நிறுத்திவைக்க வேண்டும். தேமலுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பை உண்டு வளர்வது. எண்ணெய் தேய்ப்பது அதற்குத் தீனி போடுவதாகும். சுசுருதர் தோலை ஏழு அடுக்காகப் பிரித்து, இத்தகைய மேல்தோல் நோயை அவபாசினி என்னும் முதல் அடுக்கிலேயே வைத்தார். அந்த அடுக்கின் கனம் ஒரு நெல்லின் பதினெட்டில் ஒரு பங்கு என்று அளவும் சொன்னார்.

கடுகு எண்ணெயைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அது கபத்தையும் வாதத்தையும் தணிக்கும், ஆனால் பித்தத்தையும் இரத்தத்தையும் கெடுக்கும் என்று அஷ்டாங்க ஹிருதயம் எச்சரிக்கிறது. அதன் நெடிக்குக் காரணமான அல்லைல் ஐசோதயோசயனேட் தோலை எரிச்சலூட்டும் பொருள். வட இந்தியக் குளிரில் பழகியவர்கள் உடம்புக்குத் தேய்க்கிறார்கள். முகத்துக்கும், குழந்தைகளின் மென்தோலுக்கும், சிவக்கும் தோலுக்கும் நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

அப்படியானால் கப உடலுக்கு என்ன? மூன்று வரிப் பட்டியல் அதிகம் வழுக்குவது இங்கேதான். கபம் ஓங்கியவரும், செரியாமை உள்ளவரும், சோதனம் என்னும் உடல் சுத்திகரிப்புச் சிகிச்சை முடிந்தவரும் எண்ணெய் தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று வாக்படர் தெளிவாகச் சொல்கிறார். அவர்களுக்கு வேறொரு எண்ணெயைத் தேடித் தராமல், உத்வர்த்தனம் என்ற உலர்பொடித் தேய்ப்பைக் காட்டுகிறார். கபத்தைப் போக்கும், கொழுப்பைக் கரைக்கும், உடலை உறுதியாக்கும், தோலுக்கு மிகுந்த தெளிவு தரும் என்பது அதற்கு அவர் தரும் சான்றிதழ். தோல் தெளிவு என்ற சொல்லை எண்ணெய்க்குக் கொடுக்காமல் பொடிக்குக் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். கொள்ளு மாவு, திரிபலைப் பொடி, பயத்தம் மாவு எதுவானாலும் நன்றாகச் சலித்து மென்மையாக இருக்க வேண்டும். கை கால்களில் ரோமத்துக்கு எதிர்த்திசையில் தேய்ப்பது வழக்கம். முகத்தில் தேய்க்காமல், குழைத்துப் பூசி, முழுதும் காய்வதற்குள் கழுவிவிடுவது நல்லது. எண்ணெய் பசை மிகுந்த, தடித்த, துளைகள் பெரிதான தோலுக்கு இதைவிட நல்ல தேர்வை நான் கண்டதில்லை. எல்லோரும் எண்ணெயைப் பேசிக்கொண்டிருக்க, பொடி மூலையில் கிடக்கிறது என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

எரிச்சலும் சிவப்பும் உள்ள இடத்துக்கு ஒரு தனித் தேர்வு உண்டு: நூறு முறை கழுவிய நெய், சததௌத கிருதம். பசு நெய்யைச் செம்புத் தட்டில் இட்டு, நீர் ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்து, நீரை வடித்து, மீண்டும் புதிய நீர் ஊற்றுவார்கள். சில சுற்றுகளிலேயே மஞ்சள் நிறம் வெளிறத் தொடங்கும். போகப் போக மணல்போன்ற குருணை கரைந்து, நெய் வாடை நீங்கி, நீரைப் பிடித்துக்கொண்டு பருத்து, கடைசியில் வெண்ணிறக் களிம்பாக நிற்கும். விரலில் எடுத்தால் கனமே தெரியாது. விசர்ப்பம் என்னும் பரவும் தோல் நோய், உடல் எரிச்சல் போன்றவற்றுக்குச் சரகர் இதை எடுத்தாள்கிறார். பித்தம் மிகுந்த தோலுக்கு, அதுவும் வறட்சியும் எரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்த இடத்துக்கு, தேங்காய் எண்ணெயை விட இதையே முதலில் வைப்பேன். உழைப்பு அதிகம் என்பதும், நீர் கலந்திருப்பதால் நெடுநாள் கெடாமல் இராது என்பதும் இதன் குறைகள்.

காய்ச்சிய தைலங்களுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. நல்லெண்ணெய் பித்தத்தைக் கூட்டும் என்ற அதே சரகர், சேர்க்கையாலும் சம்ஸ்காரத்தாலும், அதாவது பக்குவப்படுத்தும் முறையாலும், அது எல்லா நோயையும் போக்கும் என்றும் சொல்கிறார். தைலம் காய்ச்சும் பொது அளவு 1 பங்கு அரைத்த மூலிகை, 4 பங்கு எண்ணெய், 16 பங்கு கஷாயம் அல்லது பால் போன்ற நீர்மம். நீர் வற்றும்வரை காய்ச்சும்போது மூலிகையின் குணம் எண்ணெயில் ஏறுகிறது. ஆகவே மூல எண்ணெயை மட்டும் பார்த்துச் சூடு, குளிர்ச்சி என்று முடிவு செய்ய முடியாது.

குங்குமாதி தைலம் இதற்கு நல்ல உதாரணம். அஷ்டாங்க ஹிருதயத்தின் உத்தர ஸ்தானத்தில் வருவது. மூலம் எள்ளெண்ணெய்தான், ஆனால் குங்குமப்பூ, சந்தனம், விளாமிச்சை வேர், அதிமதுரம், மஞ்சிட்டி எல்லாம் சேர்த்து, எண்ணெயைப் போல் இரு மடங்கு ஆட்டுப்பால் ஊற்றிக் காய்ச்சச் சொல்கிறது நூல். மங்கு, கருமை, சுருக்கம், மச்சம் ஆகியவற்றுக்கு அது பலன் சொல்கிறது. ஆனால் அங்கே காட்டப்படும் பயன்பாடு நசியம், அதாவது மூக்கில் இடுவது. இன்று முகத்தில் இரவு முழுதும் பூசிக்கொள்ளும் எண்ணெயாகவே இது விற்கப்படுகிறது. வறண்ட, மங்கு படர்ந்த முகத்துக்கு ஓரிரு துளி பொருந்தலாம். எண்ணெய் வழியும் முகத்துக்கு இதன் பெயரை நம்பி வாங்க வேண்டாம்.

ஏலாதி, நால்பாமராதி என்ற இரண்டு தைலங்களும் மூல எண்ணெயின் முக்கியத்துவத்தைக் காட்டுபவை. ஏலாதிக் கூட்டத்துச் சரக்குகள் அரிப்பையும் கொப்புளத்தையும் தணித்து நிறத்தைத் தெளிவாக்கும் என்பது நூல் வழக்கு. கேரளத்தில் அதைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சுவதும் உண்டு; லேபிளில் கேரம் என்ற சொல் இருந்தால் மூலம் தேங்காய் எண்ணெய். அரிப்பும் வறட்சியும் உள்ளவர் எள்ளெண்ணெயில் காய்ச்சியதையும், அரிப்பும் சூடும் உள்ளவர் கேரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அத்தி, அரசு, ஆல், இத்தி என்ற நான்கு பால் மரப் பட்டைகளோடு மஞ்சள் சேர்வது நால்பாமராதி. துவர்ப்பு மிகுந்தது, வெயிலில் கருத்த, சீண்டப்பட்ட தோலுக்கு ஏற்றது. வாங்கும்போது புட்டியைத் திருப்பிப் பாருங்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற ஆயுர்வேத மருந்தில் சேர்மானப் பட்டியலும் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இருக்க வேண்டும். மூல எண்ணெய் எது என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகு உடல்வாகுக்கு என்ன வேலை? வேலை இருக்கிறது. இரண்டு தேர்வுகள் சமமாக நிற்கும்போது உடல்வாகு தராசை ஒரு பக்கம் சாய்க்கும். கெண்டைக்கால் வறட்சிக்கு நல்லெண்ணெய்தான் என்று தோல் சொல்லிவிட்டது. அவர் பித்த உடலினர் என்றால் கடும் வெயில் நாட்களில் அளவைக் குறைத்து, தேய்த்துக் குளிக்கும் நேரத்தைச் சுருக்கலாம். வாத உடலினர் என்றால் வெதுவெதுப்பாக்கி, தாராளமாக, அடிக்கடி தேய்க்கலாம். கப உடலினர் என்றால் எண்ணெய்க்குப் பின் பொடி தேய்த்துக் கழுவலாம். எதை என்பதைத் தோல் சொல்லட்டும். எவ்வளவு, எப்போது, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை உடல்வாகு சொல்லட்டும்.

அளவைத் தெரிந்துகொள்ள இன்னொரு வழியும் உண்டு. தோலில் இருக்கும் பிராஜக பித்தம்தான் மேலே இடும் எண்ணெயையும் பூச்சையும் செரிக்கிறது என்பது சுசுருதர் கருத்து. தேய்த்துக் கால் மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். பெரும்பகுதி உள்வாங்கப்பட்டு மெல்லிய நெய்ப்பு மட்டும் இருந்தால் அளவு சரி. ஒட்டும் பிசுக்காகவே நின்றால் அந்த இடத்துக்கு அவ்வளவு தேவையில்லை, அல்லது அந்த எண்ணெயே தேவையில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் முழங்கையின் உள்மடிப்பில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். மூலிகை என்பதால் ஒவ்வாமை வராது என்று எண்ண வேண்டாம். ஒரே நேரத்தில் எண்ணெய், பொடி, சோப்பு மூன்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். திறந்த புண், நீர் வடியும் இடம், திடீரென்று வடிவமோ நிறமோ மாறும் மச்சம், சர்க்கரை நோயாளியின் பாத வெடிப்பு ஆகியவற்றில் இந்தப் பட்டியலில் உள்ள எதையும் தொட வேண்டாம். நேரே மருத்துவரிடம் போங்கள். போகும்போது இதுவரை பூசிய புட்டிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், லேபிளைப் பார்த்தால் அவருக்குப் பாதி விவரம் அங்கேயே கிடைத்துவிடும்.